கிணறு பார்க்கிற தடியும் பூமியின் புலங்களும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடம் முழுக்க ஓடுகிற ஆறில்லாத ஊர் எங்களுடையது. காணி வாங்கினாலும் வீட்டுக்கு அத்திவாரம் போட்டாலும் முதலில் வருகிற கதை கிணறு எங்கே என்பதுதான். அப்போது யாரோ ஒருவர் கவர்த்தடியோடோ தேங்காயோடோ வளவுக்குள் நடப்பார். சுற்றி நிற்கிறவர்கள் மெதுவாகக் கேட்பார்கள்: "இது உண்மையோ? நிலத்துக்குள்ள ஏதோ சக்தி இருக்காமே?" சில வருடங்கள் வீடு வீடாகப் போய்க் கிணற்றுத் தண்ணீரின் உப்பு அளந்த எனக்கு இந்தக் கேள்விகள் எல்லாம் நன்றாகப் பழக்கம்.

நீரோட்டம் பார்ப்பது என்றால் சரியாக என்ன செய்கிறார்கள்?

கவர்விட்ட தடியின் இரண்டு கவரையும் கைக்கொன்றாக விரித்துப் பிடித்து, அடிப்பக்கத்தை முன்னே நீட்டியபடி நடப்பார்கள். தண்ணீருக்கு மேலே வந்ததும் தடி கீழே இழுக்கும் என்பது நம்பிக்கை. சிலர் 'ட' போல வளைத்த இரண்டு செப்புக் கம்பிகளை வைத்திருப்பார்கள். அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டினால் அங்கே நீர். நூலில் கட்டிய குண்டைத் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. உள்ளங்கையில் படுக்கவைத்த தேங்காய் எழுந்து நின்றால் அதுதான் இடம் என்பவர்களும் உண்டு.

ஐரோப்பாவில் தடி முதலில் பிரபலமானது தண்ணீருக்காக அல்ல, உலோகத்துக்காக. 1556 இல் அச்சான, ஜேர்மன் அறிஞர் அகிரிகோலாவின் சுரங்க நூலில் தடியோடு நடக்கிறவர்களின் படமே இருக்கிறது. ஆனால் அதே நூல், நிலத்தின் அடையாளங்களை வாசிக்கத் தெரிந்த சுரங்கக்காரனுக்குத் தடியால் பயன் இல்லை என்றும் சொல்கிறது.

தடி அசைவது எங்கள் கண்ணுக்கே தெரிகிறது. அப்படியென்றால் ஆள் நடிக்கிறாரா?

பெரும்பாலும் இல்லை. தடி உண்மையிலேயே அசைகிறது, பிடித்திருப்பவர் தான் அசைக்கவில்லை என்று உண்மையிலேயே நம்புகிறார். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு முழ நூலில் மோதிரத்தைக் கட்டி, முழங்கையை மேசையில் ஊன்றி, தண்ணீர்க் குவளைக்கு மேலே தொங்கவிடுங்கள். "வட்டமாகச் சுற்று" என்று மனதுக்குள் மட்டும் நினையுங்கள், கையை அசைக்க வேண்டாம். அரை நிமிடத்துக்குள் மோதிரம் சுற்றத் தொடங்கும். "குறுக்கே ஆடு" என்று நினைத்தால் ஆட்டம் மாறும். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆட்டம் தளர்ந்துவிடும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரோல் இதையே செய்து பார்த்து 1833 இல் எழுதினார். எண்ணம் தசைக்குள் இறங்கி, ஆளுக்கே தெரியாமல் சின்ன அசைவாக வெளிவருவதை 1852 இல் ஆங்கில மருத்துவர் கார்ப்பென்டர் விளக்கினார்.

கவர்த்தடியில் இது இன்னும் வேகமாக நடக்கும். விரித்துப் பிடித்த கவர் வில்லைப் போல இழுபட்டு நிற்கிறது. மணிக்கட்டு ஒரு நெல்லளவு திரும்பினாலும் தடி சடாரென்று குத்தும். பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளங்கைத் தோல் உரிகிற அளவுக்கு இழுக்கும். எனக்கும் இழுத்தது. கீழே இருந்தது சீமெந்துத் தரை.

பூமிக்கு இயற்கையான சக்திப் புலங்கள் இருப்பது உண்மைதானே?

உண்மைதான். ஈர்ப்புப் புலம், காந்தப் புலம், வானிலைக்கு ஏற்றபடி மாறுகிற மின்புலம் எல்லாம் இருக்கின்றன, எல்லாவற்றையும் கருவி வைத்து அளக்கிறார்கள். 'சக்தி' என்ற சொல்தான் குழப்புகிறது. கோயிலில் சொல்கிற சக்தி வேறு, இயற்பியலில் சொல்கிற சக்தி வேறு. தடி பார்க்கிறவர் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவும்போது கேட்கிறவருக்குத் தெரிவதில்லை.

காந்தப் புலத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் அதன் பலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கிற கோடு, எங்களுக்குக் கிட்டத்தான் போகிறது. இந்தியா 1963 இல் கேரளத்துத் தும்பாவில் ரொக்கற் ஏவுதளம் அமைத்ததற்கும் அதுவே காரணம். பகலில் அந்தக் கோட்டுக்கு மேலே வானத்தில் பெரிய மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கி ஓடும். அது தரையில் இருக்கிற காந்தப் புலத்தை நூறு நானோடெஸ்லா அளவுக்குக்கூட அசைக்கும் (ஆயிரம் நானோடெஸ்லா ஒரு மைக்ரோடெஸ்லா).

சரி, நிலத்தடித் தண்ணீர் எவ்வளவு அசைக்கும்? தண்ணீர் காந்தத்தை மிக மெல்லிதாக விலக்குகிற பொருள். அது காட்டக்கூடிய மாற்றம் ஒரு நானோடெஸ்லாவுக்கும் குறைவு. பக்கத்தில் சாத்தி வைத்த சைக்கிள் அதைவிடப் பல மடங்கு குழப்பம் செய்யும். தடி காந்தத்தைத்தான் உணர்கிறது என்றால் அது முதலில் சைக்கிளைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு மத்தியான வெயிலை. தண்ணீர் கடைசியில்.

ஓடுகிற தண்ணீர் மின்சாரம் உண்டாக்கும் என்று சொல்கிறார்களே?

இது நல்ல கேள்வி, ஏனென்றால் பாதி சரி. நுண்துளை உள்ள மண்ணிலும் பாறையிலும் தண்ணீர் ஊர்ந்து போகும்போது மின்னேற்றத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். அதனால் நிலத்தின் இரண்டு இடங்களுக்கு இடையே சில மில்லிவோல்ட் முதல் சில பத்து மில்லிவோல்ட் வரை வேறுபாடு வரும். புவியியலாளர்கள் இதை உண்மையாகவே அளக்கிறார்கள். அணைக்கட்டுகளில் கசிவு தேடுவதற்கும் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு மின்முனைகளை நிலத்தில் ஊன்றி, கம்பி இழுத்து, நல்ல மீற்றரில் வாசிக்க வேண்டும். மின்முனையின் உலோகமே பொய் மின்னழுத்தம் காட்டும் என்பதால் அதற்கென்று விசேட மின்முனை வைத்திருக்கிறார்கள். செருப்புப் போட்ட காலோடு காற்றில் தடியை நீட்டி நடக்கிறவருக்கும் அந்த மில்லிவோல்டுக்கும் தொடர்பே இல்லை. அவர் தலைக்கு மேலே போகிற மின்கம்பி தருகிற புலம் இதைவிடப் பெரிது.

மனித உடம்பு காந்தத்தை உணரலாம் என்று ஆராய்ச்சி வந்ததாமே?

வந்தது. 2019 இல் அமெரிக்காவில், பூமியின் அளவுக்கே பலமான புலத்தை இருட்டறையில் சுழற்றியபோது சிலருடைய மூளையின் அல்பா அலைகளில் மாற்றம் தெரிந்ததாக வெளியிட்டார்கள். அதில் இருந்தவர்களுக்கு எதுவும் உணர்வாகத் தெரியவில்லை. திசை மாறியதை மூளை கவனித்திருக்கலாம் என்பதோடு அது நிற்கிறது. நிலத்தடித் தண்ணீருக்கும் அதற்கும் இடையில் இன்னும் வெகுதூரம். 1960களில் பிரெஞ்சு இயற்பியலாளர் இவ் ரொக்கார் தடிக்காரர்கள் நுண்ணிய காந்த வேறுபாட்டை உணர்கிறார்கள் என்று வாதாடினார். அவர் சாதாரண ஆள் அல்ல, பிரான்சின் அணுகுண்டு வேலையில் இருந்தவர். இருந்தாலும் கட்டுப்பாடான சோதனைகளில் அந்த வாதம் நிற்கவில்லை.

யாராவது ஒழுங்காகச் சோதித்தார்களா?

பெரிய சோதனை ஜேர்மனியில் மியூனிக் பக்கம் 1987-88 இல் நடந்தது. ஒரு களஞ்சியக் கொட்டகை. கீழ்த்தட்டில் தண்ணீர் ஓடுகிற குழாயை ஒரு வண்டியில் வைத்து 10 மீற்றர் கோட்டில் அங்குமிங்கும் நகர்த்தினார்கள். மேல்தட்டில் தடிக்காரர் நடந்து, குழாய் எங்கே என்று சொல்ல வேண்டும். ஐந்நூறு பேர் வரை பார்த்து அதில் திறமானவர்கள் என்று 43 பேரைத் தெரிந்தார்கள். மொத்தம் 843 முறை சோதித்தார்கள். நடத்தியவர்கள், பெரும்பாலோருக்கு ஒன்றும் வரவில்லை, ஆனால் சிலருக்கு அபூர்வ ஆற்றல் இருக்கிறது என்று எழுதினார்கள். என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி அதே எண்களை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டார். ஒரு நாள் சரியாகச் சொன்னவர் மற்ற நாள் தவறினார். தடியே இல்லாமல் ஒவ்வொரு முறையும் "நடுவில்" என்று சொல்கிறவரைவிட மிகத் திறமான ஆளும் சராசரியாக 4 மில்லிமீற்றர்தான் கிட்டப் போயிருந்தார். பத்து மீற்றரில் 4 மில்லிமீற்றர்.

1990 இல் அதே நாட்டில் காசல் நகரில் இன்னொன்று. நிலத்துக்கு 50 சென்ரிமீற்றர் கீழே குழாய் புதைத்து, தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். விதிகளைத் தடிக்காரர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். நாணயம் சுண்டினால் வருகிற அளவுதான் வந்தது.

எங்கள் ஊரில் பார்த்த இடமெல்லாம் தண்ணீர் வந்ததே. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தடி பார்க்காத இடத்திலும் வந்திருக்கும் என்று சொல்கிறேன். முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மியோசீன் என்கிற மிகப் பழைய புவிக்காலத்தில் கடலடியில் படிந்தது. செம்பாட்டு மண்ணைச் சில அடி தோண்டினால் வெண்கல் தட்டும். மழைநீரின் மெல்லிய அமிலம் அந்தக் கல்லை அரித்து வெடிப்பு, துளை, குகை என்று ஆக்கியிருக்கிறது. வருடத்தில் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை. பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைதான். பெய்வதில் நிலத்துக்குள் இறங்குவது கல்லின் வெடிப்பெல்லாம் நிரம்பி, கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைவு, உப்புத் தண்ணீர் பாரம் கூட. அதனால் நடுவில் தடித்து, கரையில் மெலிந்து, ஒரு வில்லை போல நல்ல தண்ணீர் மிதக்கும். சுன்னாகத்தை நடுவாகக் கொண்ட வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவுப்பகுதி என்று இப்படி நான்கு பெரிய நீர்ப்படுகைகள்.

ஆகவே இங்கே தண்ணீர் என்பது நிலத்துக்குள் நரம்பு நரம்பாக அங்கொன்று இங்கொன்றாக ஓடுவது அல்ல. சட்டியில் ஊறப்போட்ட அவலைப் போல எங்கும் ஊறிக் கிடப்பது. உரும்பிராயில் கண்ணைக் கட்டிக்கொண்டு கல் எறிந்து, விழுந்த இடத்தில் வெட்டினாலும் தண்ணீர் வரும். தடிக்காரர் தோற்க வேண்டுமென்றால் கஷ்டப்பட்டுத்தான் தோற்க வேண்டும்.

அப்போது 'ஊற்றுக்கண்' என்பது பொய்யா?

பொய் இல்லை. கல்லின் வெடிப்பும் குகையும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. வெடிப்பை வெட்டிய கிணறு மெசின் போட்டு இறைத்தாலும் தாங்கும். பத்து முழம் தள்ளி முழுக்கல்லில் வெட்டிய கிணறு அரை மணித்தியாலத்தில் சேறு காட்டும். இந்த வேறுபாட்டைத் தடி சொன்னால் நான் நாளைக்கே ஒரு தடி வெட்டுவேன். ஆனால் தடிக்காரர்கள் சரியாகச் சொன்ன கதைகளைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. கைவிட்ட கிணறுகளைக் குப்பை போட்டு மூடிவிடுவோம், கதையும் அதோடு மூடப்பட்டுவிடும்.

நிலாவரையும் கீரிமலையும் ஒரே ஓட்டமா?

நிலாவரைக் கிணற்றில் தேசிக்காய் போட்டால் கீரிமலைக் கேணியில் வரும் என்று சின்ன வயதில் எல்லோருக்கும் சொல்லித் தந்தார்கள். இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது என்ற கதையும் கூட வரும். தேசிக்காயை நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் குகைத்தொடர் உள்ள சுண்ணாம்புக்கல் நாட்டில் இப்படி ஒரு கதை பிறப்பது இயல்பு. கீரிமலையில் நல்ல தண்ணீர் கடல் ஓரத்திலேயே ஊறி வருவது, உள்நாட்டுத் தண்ணீர் கல்லுக்குள்ளால் கடலுக்குப் போவதற்குக் கண்கண்ட சாட்சி. நிலாவரையில் மேலே இருப்பது நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. ஒரு கிணற்றுக்குள்ளேயே முழு வில்லையையும் காட்டுகிற இடம் அது. ஆழம் காணாத கிணறு என்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறோம். உண்மையில் அங்கே பாடம் நடத்தலாம்.

மரம், புற்று பார்த்துச் சொல்வதும் இதே வகையா?

இல்லை, அதைத் தடியோடு சேர்க்க வேண்டாம். ஆறாம் நூற்றாண்டுச் சோதிடர் வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதை என்ற நூலில் நிலத்தடி நீருக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது. உடம்பில் இரத்தக் குழாய் ஓடுவதுபோல நிலத்தில் நீர்நரம்பு ஓடுகிறது என்று தொடங்கி மரம், புற்று, மண்ணின் நிறம் என்று போகும். நாவல் மரத்துக்குக் கிழக்கே கிட்டடியில் புற்று இருந்தால் அதன் தென்புறம் இரண்டு ஆள் ஆழத்தில் இனிய நீர் என்பது அதில் ஒன்று. கணக்கு எல்லா நிலத்துக்கும் பொருந்தாது, எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்கு அது எழுதப்படவும் இல்லை. ஆனாலும் அவர் பார்க்கச் சொல்வது கண்ணுக்குத் தெரிகிற அடையாளத்தை. ஈரம் தேடுகிற மரம் ஈரத்தில் வளரும், கறையானுக்கும் ஈரம் வேண்டும். அது அவதானம்.

பூமியில் சக்திக்கோடுகள் வலைபோல ஓடுகின்றன, கட்டிலை மாற்றிப் போட வேண்டும் என்கிறார்களே?

இது எங்கள் மனையடி சாஸ்திரமும் அல்ல. 1950களில் ஹார்ட்மன் என்ற ஜேர்மன் மருத்துவர் சொன்ன 'கட்டம்' இது. அதைக் காட்டுகிற ஒரே கருவி தடிதான். வேறெந்த மீற்றரிலும் விழாத ஒன்றைத் தடி மட்டும் காட்டுகிறது என்றால் தடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இங்கிலாந்தின் 'லே' கோடுகளின் கதை இன்னும் வேடிக்கை. 1921 இல் வாட்கின்ஸ் என்பவர் அவற்றைப் பழைய நடைபாதைகள் என்றுதான் சொன்னார். சக்தி ஓடுகிறது என்பதை 1960களில் வேறு ஆட்கள் ஒட்டவைத்தார்கள். கட்டிலை மின்விசிறிக்குக் கீழே போடுங்கள்.

காணியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கனடாவில் இருந்தே பார்த்துச் சொல்வாராம்?

படத்தில் என்ன புலம் வரும்? காசு மட்டும்தான் வரும், அதுவும் ஒரு பக்கமாக.

நம்புகிறவர் நம்பட்டும். யாருக்கு என்ன நட்டம்?

கவலை தருவது இதுதான். கம்பி ஆடினால் வெடிகுண்டு என்று சொல்லி 'ஏடிஇ 651' என்ற பொம்மைக் கருவியை ஈராக்குக்கு விற்றார்கள். உள்ளே ஒன்றுமே இல்லாத, பிடியில் ஆடுகிற கம்பி. சோதனைச் சாவடிகளில் அதை நம்பி வாகனங்களை விட்டார்கள். விற்ற மக்கோமிக் 2013 இல் பத்து வருடச் சிறைக்குப் போனார்.

எங்கள் வீட்டு நட்டம் சிறியது. சித்தப்பாவின் காணி அரியாலைக்குக் கிழக்கே, கடலேரிக்குக் கிட்ட. தடி பார்த்தவர் "கீழே பெரிய ஓட்டம் இருக்கு, ஆழமாப் போங்கோ" என்றார். அறுபது அடி குழாய்க்கிணறு அடித்தார்கள். மாசியில் தண்ணீர் திறம். சித்தப்பா போத்தலில் பிடித்து வீடு வீடாகக் கொடுத்தார். வைகாசியில் சவுக்காரம் நுரைக்கவில்லை. ஒரு நாள் தேத்தண்ணிக்கு விட்ட பால் திரைந்து குவளைக்குள் வெள்ளைத் துணுக்காக மிதந்தது. சித்தி ஒன்றும் சொல்லாமல் குவளையைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைத்தார்.

தடிக்காரர் பொய் சொல்லவில்லை. கீழே நிறையத் தண்ணீர்தான் இருந்தது. கடல்.

ஆழமாகப் போனால் ஏன் உப்பு வருகிறது?

நூறு வருடத்துக்கு முந்திய எளிய கணக்கு. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி நின்றால் கீழே சுமார் நாற்பது அடி உப்பைத் தள்ளி வைத்திருக்கும். திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து மேலே ஓரடி குறைத்தால், காலப்போக்கில் கீழே உப்பு நாற்பது அடி ஏறிவரப் பார்க்கும். ஒரே இடத்தில் ஆழத்திலிருந்து பலமாக உறிஞ்சினால் அந்த இடத்துக்கு நேரே உப்பு கூம்பாகக் கிளம்பும். துலா மிதித்த காலத்தில் எங்கள் அப்புமார் இந்தக் கணக்குத் தெரியாமலே சரியாக நடந்தார்கள், ஏனென்றால் துலாவால் அவ்வளவுதான் இறைக்க முடியும்.

அதனால் யாழ்ப்பாணத்தில் "தண்ணீர் எங்கே?" என்பது பிழையான கேள்வி. என்ன தண்ணீர், எவ்வளவு ஆழம் வரைக்கும், ஒரு நாளைக்கு எவ்வளவு இறைக்கலாம் என்று கேட்க வேண்டும். தடிக்கு 'ஆம்', 'இல்லை' மட்டும்தான் தெரியும்.

அப்படியென்றால் கிணறு வெட்டுமுன் என்ன செய்வது?

அயல் கிணறுகளைப் பாருங்கள், மாரியில் அல்ல, சித்திரை, வைகாசியில். கையடக்க மின்கடத்துதிறன் மீற்றரை யாரிடமாவது இரவல் வாங்குங்கள், தண்ணீரில் உப்பு கூடக் கூட அதன் எண் ஏறும். சென்ரிமீற்றருக்கு மைக்ரோசீமென்ஸ் கணக்கில் நல்ல கிணறு சில நூறு காட்டும், கடல்நீர் ஐம்பதாயிரம் காட்டும், உங்கள் அயல் எங்கே நிற்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மலசலகூடக் குழி எங்கே, அயலவரின் குழி எங்கே என்று பாருங்கள். சுண்ணாம்புக்கல்லில் அழுக்கு மண்ணில் வடிவதுபோல வடியாது, வெடிப்பு வழியே நேராக வரும். தோட்டக்காணிக்கு நடுவில் என்றால் நைத்திரேற்றையும் பரிசோதியுங்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக்கூடாது, முக்கியமாகக் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக்கூடாது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. சுன்னாகப் பக்கம் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதையும் எந்தத் தடியும் சொல்லவில்லை.

பெரிய செலவு என்றால் மின்தடை அளவீடு செய்யலாம். நாலு முனைகளை ஒரே கோட்டில் ஊன்றி, வெளி இரண்டால் மின்னோட்டம் விட்டு, உள் இரண்டில் மின்னழுத்தம் வாசிப்பார்கள். முனைகளை விலக்க விலக்க ஆழம் தெரியும். காய்ந்த கல் மின்சாரத்தைத் தடுக்கும், உப்புத் தண்ணீர் நன்றாக விடும். எத்தனை அடியில் நிறுத்த வேண்டும் என்பதை அது ஓரளவு சொல்லும். நிலத்தின் புலத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்றால் இதுதான்.

வீட்டில் பெரியவர்கள் தடி பார்த்தே ஆகவேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

பார்க்கட்டும். சண்டை வேண்டாம். ஆனால் ஆள் வந்ததும் அவர் தேங்காயை எடுப்பதற்கு முன்னால் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்.

எங்கள் நீர்வேலி வளவுக்கு வந்த ஐயா ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் போனது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு. கட்டில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். சுவரில் பாசி நிற்கிற கோட்டையும் அதற்குக் கீழே காய்ந்த கோட்டையும் கண்ணால் அளந்தார். ஒரு வாளி அள்ளச் சொல்லி, கையில் ஏந்தி, வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினார். "பிள்ளை, போன வைகாசி எவ்வளவு நின்றது?" என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டார். குசினிப் பக்கம் குழி எங்கே என்று விசாரித்தார். பிறகு எங்கள் வளவுக்குள் வந்து, தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, குழிக்கு எதிர்ப்பக்க மூலையை நோக்கி நேராக நடந்தார்.

தேங்காய் அங்கே எழும்பியது.